எண்ணெயைக் குறை, கீரையை விடு: ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர் எதைச் சாப்பிடுவது?

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. எண்ணெயைக் குறைக்க வேண்டும். கீரையைக் குறைக்க வேண்டும். முதலாவது இதயத்தின் பேரில் சொல்லப்படுவது. இரண்டாவது, செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுளுக்கும் விழுங்க வேண்டிய வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையின் பேரில் சொல்லப்படுவது. மாத்திரை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனை காட்டும். அந்த எண் இறங்கினால் வால்வு அடைபடலாம், பக்கவாதம் வரலாம். ஏறினால் குடலிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம்.

எண்ணெயைக் குறைத்தவருக்கு மாற்றாகச் சொல்லப்படுவது கீரையும் காய்கறியும்தான். கீரையை விட்டவரின் தட்டில் மிஞ்சுவது சோறு, ரசம், உருளைக்கிழங்கு. இரண்டு விலக்கையும் ஒருசேரக் கடைப்பிடிக்க முடியுமா, முடிந்தாலும் கடைப்பிடிக்கத்தான் வேண்டுமா? எழுபது ஆண்டுகளாக இதற்குச் சொல்லப்பட்டுவந்த விடைகள் எங்கிருந்து வந்தன, ஆய்வுகளின் முன் அவை எவ்வளவு தாங்குகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. தனி ஒருவர் தம் மாத்திரை அளவையோ உணவையோ மாற்றிக்கொள்வதற்கான குறிப்பு இதில் இல்லை. அது அவருடைய ஐ.என்.ஆர். அட்டையைப் பார்க்கும் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது.

கோழிக்குஞ்சுகளும் பூஞ்சை பிடித்த தீவனமும்

இரண்டு விலக்குகளும் தனித்தனியே வளர்ந்தவை என்றாலும் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. 1929 வாக்கில் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கோழிக்குஞ்சுகளால் கொலஸ்டிராலைத் தாமே தயாரித்துக்கொள்ள முடிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகக் கொழுப்பை முற்றிலும் பிரித்தெடுத்த தீனியைக் கொடுத்தபோது குஞ்சுகளுக்குத் தோலடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. கொலஸ்டிராலைத் திருப்பிச் சேர்த்தும் நிற்கவில்லை. தீனியிலிருந்து கொழுப்போடு சேர்ந்து வெளியேறிவிட்ட இன்னொரு பொருள்தான் குறை என்று கண்டு, 1935இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயரிட்டார். அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்த அமெரிக்கர் எட்வர்ட் டாய்சியோடு 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் குஞ்சுகளுக்கு ரத்தம் கசிந்தது கொழுப்பு இல்லாததால் அன்று. கொழுப்பில் கரையும் வைட்டமின் அதோடு போய்விட்டதால். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

மறு முனையில் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபுலத்திலும், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் செத்தன. ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் காரணம் தீவனம்தான் என்று நிறுவினார். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் மேடிசன் நகரத்துக்கு வந்து கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடக் கதவைத் தட்டினார். லிங்கின் குழு 1939இல் டைகூமராலைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும் 1954இல் மனித மருந்தாகவும் சந்தைக்கு வந்தது. வைட்டமின் கே உடலில் மறுசுழற்சி ஆவதைத் தடுத்து, ரத்த உறைவுக்கு வேண்டிய சில புரதங்கள் முழுமையடையாமல் செய்வது அதன் வேலை.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அவருக்கு வார்ஃபரினும் கொடுத்தார்கள், கொழுப்பைக் குறைத்த உணவும் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்ட முதல் இரட்டை விலக்கு நோயாளி என்று அவரைச் சொல்லலாம். அதன் பிறகு இரண்டு அறிவுரைகளும் வெவ்வேறு துறைகளின் கைக்குப் போயின. கொழுப்பு, இதயநோய்த் தடுப்பு ஆய்வாளர்களிடம்; வைட்டமின் கே, ரத்தவியலாளர்களிடம். ஒருவர் சொன்னதை மற்றவர் அதிகம் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் விடை: கீரையை விட்டுவிடு

மாத்திரை வைட்டமின் கேயைத் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய இருக்கிறது. எனவே கீரை மாத்திரையை முறியடிக்கும். இந்தத் தர்க்கம் எளியது, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடியது. நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் அதுவே அதன் பலம்.

அளவுகளைப் பார்த்தால் அச்சம் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முளைக்கீரை வகையில் சுமார் 1,140 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. பாலக்கில் ஏறத்தாழ 480, கொத்தமல்லித் தழையில் 310. முட்டைக்கோஸில் 76தான், ஆனால் பல தடைப்பட்டியல்களில் முட்டைக்கோஸும் முளைக்கீரையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தரத்தில் அச்சாகியிருக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் ஒருநாள் போதுமான அளவு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கரண்டிக் கீரை மசியலே அந்த நாளுக்கான கணக்கை முடித்துவிடும் போலத் தோன்றும்.

இந்த விடையின் முதல் பலவீனம், தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது என்று அது எடுத்துக்கொள்வது. இலையில் வைட்டமின் கே பசுங்கணிகங்களோடு இறுக ஒட்டியிருக்கிறது. மாத்திரையாகக் கொடுத்த வைட்டமினோடு ஒப்பிட்டால் பாலக்கிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது 4 முதல் 17 சதவீதம்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டாவது பலவீனத்தை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். ஆரோக்கியமான 12 பேருக்கு அசினோகூமரால் கொடுத்து ஐ.என்.ஆரைச் சீராக்கிவிட்டு, வைட்டமின் கேயைப் படிப்படியாகக் கூட்டினார்கள். நாளுக்கு 150 மைக்ரோகிராம் அளவில் தனி வைட்டமின் சேர்ந்தபோதுதான் ஐ.என்.ஆர். குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. உணவிலிருந்து வந்த வைட்டமினுக்கு அந்த வீச்சு இல்லை. வந்த மாற்றமும் சீக்கிரம் தணிந்துவிட்டது. நம் ஊரில் வால்வு நோயாளிகள் பலர் எடுப்பதும் இதே அசினோகூமரால்தான் என்பதால் இந்தச் சிறிய ஆய்வுக்கு இங்கே கூடுதல் பொருத்தம் உண்டு. பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர், பன்னிரண்டே பேர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2016இல் ரோமைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ வயோலியும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கீரையை விலக்கச் சொல்வதற்குச் சான்று போதாது, அளவு மாறாமல் பார்த்துக்கொள்வதே நியாயம் என்ற முடிவுக்கு வந்தார்கள். வழிகாட்டுதல் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பழைய தடைப்பட்டியல்கள் மட்டும் இன்னும் நகல் எடுக்கப்பட்டு நோயாளிகளின் கையில் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது விடை: ஏற்றமும் இறக்கமும் வேண்டாம்

வாரத்தில் எவ்வளவு கீரை சாப்பிடுவது வழக்கமோ அவ்வளவையே தொடர்ந்து சாப்பிட வேண்டும். மாத்திரையின் அளவை அதற்கேற்ப மருத்துவர் அமைத்துக்கொள்வார். இன்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வது இதுதான். மருந்தை உணவுக்குப் பொருத்துவது, உணவை மருந்துக்காக முறிப்பதைவிட மேல் என்ற அடிப்படை இதில் இருக்கிறது. இருக்கும் விடைகளில் உறுதியானது எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் நடைமுறையில் இதைக் கடைப்பிடிப்பது சொல்லும் அளவுக்கு எளிதில்லை. கீரைக்காரர் தரும் ஒரு கட்டு மழைக்காலத்தில் ஒரு அளவு, சித்திரை வெயிலில் இன்னொரு அளவு. கீரை என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவை அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று பலவாக இருக்கின்றன. வைட்டமின் கே அளவும் ஒன்றுபோல் இல்லை. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வைட்டமின் கே அளவுகளையும் தருகிறது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதில் இருப்பவை சமைக்காத பொருள்களின் அளவுகள். மசியலுக்கும் பொரியலுக்கும் கூட்டுக்கும் கணக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

விரத நாட்கள் இன்னொரு சோதனை. வைகுண்ட ஏகாதசியன்று பட்டினி. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் கட்டாயம். ஒருநாள் வைட்டமின் வரவு ஏறக்குறைய இல்லை, அடுத்த நாள் ஒரே வேளையில் நிறைய. மாஸ்ட்ரிக்ட் முடிவுகளை வைத்துப் பார்த்தால் துவாதசிக் கீரை ஒன்றே ஐ.என்.ஆரைக் கவிழ்த்துவிடும் என்று தோன்றவில்லை. நாள்கணக்கில் நீளும் மாற்றமே கவலைக்குரியது. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் இருப்பது, ரமலான் மாதம் முழுவதும் உண்ணும் நேரமும் அளவும் மாறுவது, காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ நாலைந்து நாள் கஞ்சியோடு கிடப்பது ஆகியவை அந்த வகை. காய்ச்சலில் ஐ.என்.ஆர். ஏறும் ஆபத்து, கீரை சாப்பிட்டு இறங்கும் ஆபத்தைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்க, வைட்டமின் நின்றுவிடுகிறது. கூடவே எடுக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகளும், தொடர்ந்து எடுத்தால் பாராசிட்டமாலும் ஐ.என்.ஆரை மேலே தள்ளக்கூடும்.

மாம்பழம், கிரான்பெர்ரி, இஞ்சி, பூண்டு, மஞ்சள் என்று எச்சரிக்கைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பவை ஒரு சில நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான். சமையலில் சேரும் அளவையும் மஞ்சள் காப்ஸ்யூலையும் ஒன்றாக வைத்துப் பேசாமல் இருந்தாலே குழப்பத்தில் பாதி தீரும்.

மூன்றாவது விடை: கொஞ்சம் கூட்டிக் கொடு

முதல் விடையை அப்படியே புரட்டிப்போடும் வாதம் இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வந்தது. ஃபர்ஹாத் கமாலியின் குழு 2005இல், ஐ.என்.ஆர். சீராக இருப்பவர்களையும் அலைபாய்பவர்களையும் ஒப்பிட்டது. அலைபாய்ந்தவர்கள் கீரையைக் கூடுதலாகச் சாப்பிடுபவர்களாக இருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறாக இருந்தது. அவர்களின் வைட்டமின் கே வரவு நாளுக்கு 29 மைக்ரோகிராம். சீராக இருந்தவர்களுக்கு 76. உடலில் இருப்பு மிகக் குறைவாக இருந்தால், ஒருநாள் சாப்பிடும் சிறு கீரைகூடப் பெரிய மாற்றமாகிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். 2007இல் அதே குழு, காரணம் புரியாமல் எண் அலைபாய்ந்த 70 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தது. அவர்களின் எண் மற்றவர்களைவிடச் சீரானது. மாத்திரை அளவை மட்டும் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது.

பிறகு நடந்த சோதனைகளில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2012 வழிகாட்டுதல் இதை வழக்கமான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்றது. சான்று போதாது என்பதே 2014இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின் நிலைப்பாடும். 2019இல் கனடாவின் கிலேன் ஃபெர்லண்ட் குழு, வைட்டமினை மாத்திரையாகத் தராமல் உணவு வழியாகவே நாளுக்குக் குறைந்தது 150 மைக்ரோகிராம் கூட்டச் சொல்லிப் பார்த்தது. 46 பேர் கொண்ட அந்தச் சோதனையில் கூட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எண் சீரானது, மற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு. எண்ணிக்கை சிறியது, முடிவு ஆர்வமூட்டுவது.

இந்த விடை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கீரையை அறவே விட்டவர் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்துவிட்டார் என்ற நம்பிக்கையை இது ஆட்டம் காணச் செய்திருக்கிறது.

எண்ணெயின் பக்கம்

கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் கொள்கையின் கதை பலருக்குத் தெரிந்தது. ஆன்சல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு 1958இல் தொடங்கியது. அமெரிக்க இதயக் கழகம் 1961இல் பரிந்துரை வெளியிட்டது. 1977இல் மெக்கவர்ன் தலைமையிலான செனட் குழு, கொழுப்பிலிருந்து கிடைக்கும் கலோரி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. டீன் ஆர்னிஷ் 1990இல் அதை 10 சதவீதத்துக்கே இறக்கி, ஐம்பதுக்கும் குறைவான நோயாளிகளிடம் இதயக் குழாய் அடைப்பு சற்றுத் தளர்ந்ததாகக் காட்டினார். அவருடைய திட்டத்தில் நடைப்பயிற்சி, தியானம், புகை நிறுத்தம் எல்லாம் சேர்ந்திருந்ததால் பலன் எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

2006இல் வந்த பெண்கள் நல ஆய்வு 48,835 அமெரிக்கப் பெண்களைச் சுமார் எட்டு ஆண்டுகள் தொடர்ந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆய்வின் இலக்கு 20 சதவீதம்; பெண்கள் அதை எட்டவில்லை என்பது ஆதரவாளர்களின் மறுப்பு. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு ஆலிவ் எண்ணெயோ பருப்பு வகைக் கொட்டைகளோ தாராளமாகச் சேர்த்தவர்களுக்கே இதய நிகழ்வுகள் குறைந்ததாக 2013இல் சொன்னது. குலுக்கல் முறையில் பிழை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023இலும் மொத்தக் கொழுப்பு 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது, எடை கூடாமல் இருப்பதற்காக. இதயத்துக்கு எது முக்கியம் என்ற கேள்வியில் இன்று அழுத்தம் கொழுப்பின் வகைமேல் விழுகிறது: நிறைவுற்ற கொழுப்பையும் டிரான்ஸ் கொழுப்பையும் குறைப்பது, அந்த இடத்தை மைதாவுக்கும் சர்க்கரைக்கும் விட்டுவிடாமல் இருப்பது.

இங்கே இந்தியத் தட்டின் சிக்கல் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நாடு தழுவிய ஆய்வு, நம் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் சொன்னது. இப்படி உண்பவரிடம் எண்ணெயை மட்டும் குறைக்கச் சொன்னால் அந்த இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இன்னொரு கரண்டிச் சோறு. ரேஷன் பாமாயிலின் கொழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானது நிறைவுற்றது. அதைக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. எல்லா எண்ணெயையும் ஒரே எதிரியாகப் பாவிப்பதற்கு அதே அளவு காரணம் தெரியவில்லை.

அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்படாமலே போகிறது. கொழுப்பைக் குறைப்பதற்கான சான்றெல்லாம் இதயத்தின் ரத்தக் குழாய் அடைப்பைப் பற்றியது. நம் நாட்டில் வார்ஃபரின் வகை மாத்திரையை இளவயதிலேயே தொடங்குபவர்களில் பலர் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள். சிறுவயதில் வந்த தொண்டைத் தொற்றின் பின்விளைவு அது; எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. முப்பது வயதில் மைட்ரல் வால்வு மாற்றிய, எடை குறைந்த, ரத்தசோகையும் உள்ள ஒரு பெண்ணுக்கு ‘இதய நோயாளி உணவு’ என்ற பொதுப்பெயரில் எண்ணெயையும் நெய்யையும் நிறுத்தச் சொல்வதற்கு எந்த ஆய்வு துணை நிற்கிறது? குழாய் அடைப்போ சர்க்கரையோ அதிகக் கொலஸ்டிராலோ அவருக்கு இருந்தால் பேச்சு வேறு. இல்லையென்றால் இரண்டு விலக்கில் ஒன்று முதலிலேயே தேவையற்றதாக இருக்கலாம். இந்தத் தலைப்பின் பெரும்பகுதிச் சிக்கல் இப்படிப் பிரித்துப் பார்க்காததிலேயே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரண்டும் சந்திக்கும் இடம்

வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. குடலில் பித்தநீரும் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால்தான் உள்ளே போகும். பித்தக் குழாய் அடைபட்ட மஞ்சள் காமாலை நோயாளிகளுக்கு ரத்தம் நிற்காமல் போனதையும், வைட்டமின் கேயைப் பித்த உப்போடு சேர்த்துக் கொடுத்தபோது நின்றதையும் 1938இலேயே அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். மாஸ்ட்ரிக்ட் குழு 1996இல் நேரடியாகவே அளந்து பார்த்தது. வேகவைத்த பாலக்கை வெண்ணெயோடு கொடுத்தபோது ரத்தத்துக்குப் போன வைட்டமின், வெண்ணெய் இல்லாமல் கொடுத்தபோது போனதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒரே கட்டு அரைக்கீரையை ஒரு நாள் உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்துக் கடைந்து அப்படியே சாப்பிடுகிறார் ஒருவர். இன்னொரு நாள் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியலாகச் சாப்பிடுகிறார். கீரையின் அளவில் சீராக இருந்தும், உள்ளே போகும் வைட்டமினில் சீராக இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. பல மாதம் பொரியல் சாப்பிட்டு அதற்கேற்ப மாத்திரை அளவு அமைந்தவர், ஒரு நாள் எண்ணெயை அறவே நிறுத்தினால் ஐ.என்.ஆர். மேலே நகரலாம். கீரையைத் தொடாமலேயே, எண்ணெய் வழியாகக் கீரை விதி மீறப்படுகிறது.

எதிர்த்திசையிலும் நடக்கும். எடையைக் குறைக்கிறேன் என்று சோற்றையும் எண்ணெயையும் தள்ளிவிட்டுப் பச்சைக் காய்கறிக்கு மாறியவரிடம் வார்ஃபரின் வேலை செய்யாமல் போனதை 1981இல் ஒரு மருத்துவக் குறிப்பு பதிவுசெய்தது. கொழுப்பு செரிமானத்தைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையோடு வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆரைக் கவனிக்க வேண்டும் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற ஒலெஸ்ட்ரா என்ற செரிக்காத கொழுப்பைச் சிப்ஸில் பயன்படுத்தியபோது, அது அடித்துக்கொண்டு போகும் வைட்டமின்களை ஈடுகட்ட வைட்டமின் கேயையும் சேர்த்தார்கள். கொலஸ்டிராலுக்குத் தரும் ரோசுவாஸ்டாட்டின், ஃபெனோஃபைபிரேட் போன்ற மாத்திரைகளும் ஐ.என்.ஆரை ஏற்றக்கூடும். ஆகவே கொழுப்பைக் குறைக்கும் முயற்சி உணவு வழியாக வந்தாலும் மருந்து வழியாக வந்தாலும் கூடுதல் பரிசோதனை தேவைப்படும் கட்டம்தான்.

எண்ணெய்க்குள்ளேயே இருக்கும் வைட்டமின் கே இன்னொரு கணக்கு. 100 கிராம் சோயா எண்ணெயில் சுமார் 184 மைக்ரோகிராம், கடுகு வகையைச் சேர்ந்த கனோலாவில் 71, ஆலிவில் 60. நல்லெண்ணெயில் 14ஐத் தாண்டாது. சூரியகாந்தியில் 5 வாக்கில். கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் ஒன்றுக்கும் குறைவு. மேற்கத்திய வழிகாட்டிகள் எண்ணெயைப் பற்றி எச்சரிப்பது அங்கே சோயாவும் கனோலாவும் புழங்குவதால். தமிழ்ச் சமையலில் எண்ணெய் வைட்டமின் கேயைக் கொண்டுவருவது சொற்பம். கீரையிலிருந்து அதை இறக்கிக் கொடுப்பதே அதன் பங்கு. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலிருந்து சோயா கலந்த எண்ணெய்க்கு மாறும் வீட்டில் மட்டும் இந்தக் கணக்கு லேசாக மாறும்.

புதிய மாத்திரைகள் கேள்வியைத் தீர்த்துவிட்டனவா?

2008 முதல் வந்த டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை வைட்டமின் கே வழியில் குறுக்கிடுவதில்லை. கீரை விதி அவற்றுக்கு இல்லை. வால்வு நோய் இல்லாமல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு மட்டும் உள்ள முதியவருக்கும், காலில் ரத்தம் கட்டியவருக்கும் இன்று பெரும்பாலும் இவைதான் தரப்படுகின்றன. அவர்களுக்குக் கொழுப்பைப் பற்றிய கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. ரிவரோக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் எடுக்காமல் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு இந்த வழி திறக்கவில்லை. டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வு, ரத்தக் கட்டியும் ரத்தப்போக்கும் கூடியதால் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. அபிக்ஸபானைக் கொண்டு நடந்த சோதனையும் 2022இல் பாதியில் நின்றது. அதே ஆண்டு, இந்தியா உட்படப் பல நாடுகளில் ருமாட்டிக் இதயநோயோடு துடிப்புக் கோளாறும் உள்ள 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு, ரிவரோக்ஸபானைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவு என்று காட்டியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு மட்டுமே இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. பணக்கார நாடுகளில் கீரைக் கேள்வி பழங்கதை ஆகிவருகிறது. இங்கே அப்படி ஆக இன்னும் வெகுகாலம் பிடிக்கும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

கீரையை அறவே விலக்கச் சொல்லும் விடை, இருக்கும் சான்றுகளின் முன் நிற்கவில்லை. அளவு மாறாமல் உண்ணும் விடை நிற்கிறது. ஆனால் எதன் அளவு என்று கேட்டால் கீரையை மட்டும் சொல்வது போதாது, கூடச் சேரும் எண்ணெயையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்க இடம் இருக்கிறது. கொழுப்பைக் குறைப்பது குழாய் அடைப்பு உள்ளவருக்கும் எடை கூடியவருக்கும் பொருந்தலாம். அப்போதும் மெல்ல மெல்லக் குறைத்து, அந்த வாரங்களில் ஐ.என்.ஆரை அடுக்கடுக்காகப் பார்ப்பதே தற்போதைய அறிவுக்கு இசைந்தது. வால்வு மட்டும் பழுதான இளவயதினருக்கு அந்த விலக்கு வேண்டுமா என்பது மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி.

வைட்டமின் கேயைக் குறைத்தே பல ஆண்டுகள் வாழ்வதால் ரத்தக் குழாயிலும் வால்விலும் சுண்ணாம்பு படிவது கூடுமா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் புரதமொன்று செயல்பட அதே வைட்டமின்தான் வேண்டும் என்பதால் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு; ஆனால் மாத்திரையின் விளைவையும் உணவின் விளைவையும் பிரித்துக் காட்டுவது கடினம். ஒருவருக்கு எவ்வளவு மாத்திரை தேவைப்படும் என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று 1990களிலிருந்தே தெரியும். ஒரே கீரை இரண்டு பேரிடம் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு அது எவ்வளவு பொறுப்பு என்பதும் தெளிவாகவில்லை.

வெண்ணெயும் பாலக்கும் கொண்ட மாஸ்ட்ரிக்ட் சோதனை மாத்திரை எடுக்காத ஆரோக்கியமானவர்களிடம், ஒரு வேளை உணவில், ரத்தத்திலுள்ள வைட்டமினை அளந்தது. நோயாளியின் ஐ.என்.ஆர். என்ன ஆகிறது என்று அது பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்குப் பெரிய பணமோ புதிய மருந்தோ தேவையில்லை. மாதாமாதம் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கும் வால்வு நோயாளிகளில் எண் சீராக உள்ளவர்களைக் கேட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஒரே எடைக் கீரையைக் கொடுத்து, ஒரு குழு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தும் மற்றொரு குழு எண்ணெயே இல்லாமலும் சாப்பிடச் செய்து, ஒரு மாதம் கழித்து இடம் மாற்றி, வாரா வாரம் ஐ.என்.ஆரைக் குறித்துவந்தால் போதும். நம் ஊர்க் கீரையைக் கொண்டு, அசினோகூமரால் எடுப்பவர்களிடம் செய்யப்படும் அந்தக் கணக்கு கிடைக்கும்வரை, எண்ணெயைக் குறைக்கச் சொல்பவரும் கீரையைக் குறைக்கச் சொல்பவரும் ஒருவர் எழுதிய தாளை மற்றவர் படித்துவிட்டு எழுதுவது ஒன்றே உடனடியாகச் செய்யக்கூடியது.